ஆரணி தறி வீட்டிலிருந்து ஐ.டி. டிகிரி: கல்விக்கடன் வாங்கினால் முதல் சம்பளத்தில் கட்ட முடியுமா?

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரம். ஆரணி, தேவிகாபுரம், ஒண்ணுபுரம் பக்கம் எந்தத் தறி வீட்டுக்குப் போனாலும் பேச்சு ஒன்றுதான். "பையனை கம்ப்யூட்டர்ல போடலாமா? பேங்க்ல லோன் தருவானா? படிச்சு முடிச்சா சம்பளம் எவ்வளவு வரும்?"

ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு உண்டு. கல்யாணச் சேலை எடுக்க வெளியூர்க்காரர்கள் தேடி வரும் ஊர். ஆனால் தறியில் உட்காருகிறவரின் வருமானம் வேறு கதை. 2019-20ல் மத்திய அரசு எடுத்த நான்காவது கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் உள்ள நெசவாளர் குடும்பங்களில் மூன்றில் இரண்டு பங்கு மாதம் 5,000 ரூபாய்க்கும் குறைவாகத்தான் சம்பாதிக்கிறது. அதனால்தான் "என் காலத்தோட இந்தத் தறி போகட்டும், பிள்ளை ஏசி ரூம்ல உட்காரட்டும்" என்று நினைக்கிறார்கள் பெற்றோர். அந்த ஆசையில் தப்பே இல்லை.

ஆனால் அதற்காகப் போடும் கையெழுத்து 10 வருஷம், 15 வருஷம் கூடவே வரும். அதனால் சீட்டு வாங்கும் முன்பே இரண்டு பக்கக் கணக்கையும் பார்த்துவிடுவது நல்லது. வாங்க, ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

எந்தப் படிப்பைப் பற்றிப் பேசுகிறோம்?

வெளிநாடுகளில் 'இன்பர்மேஷன் சிஸ்டம்ஸ்' என்று தனி டிகிரி உண்டு. ஒரு கடையோ, மருத்துவமனையோ, வங்கியோ தன் பில், ஸ்டாக், கணக்கு, வாடிக்கையாளர் விவரம் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் எப்படி நடத்துவது என்று சொல்லித் தரும் படிப்பு அது. நம்ம ஊரில் அதே வேலைக்குப் போகும் படிப்புகள் முக்கியமாக மூன்று.

• பி.சி.ஏ. – 3 வருஷம்
• பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் அல்லது ஐ.டி. – 3 வருஷம்
• பி.டெக். ஐ.டி. அல்லது பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் – 4 வருஷம்

முதல் இரண்டும் கலை, அறிவியல் கல்லூரிகளில் இருக்கின்றன. மூன்றாவதற்குப் பொறியியல் கல்லூரிக்குப் போக வேண்டும். ஆரணியை ஒட்டிய தச்சூரில் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரி இருக்கிறது. செய்யாறில் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரியும், திருவண்ணாமலையில் கலைஞர் கருணாநிதி அரசு கலைக் கல்லூரியும் இருக்கின்றன. இவை தவிர, சுற்றிலும் தனியார் கல்லூரி பஸ்கள் வந்து போகாத ஊரே இல்லை.

முதல் சம்பளம் எவ்வளவு?

'ஐ.டி. வேலை' என்றதும் லட்சக்கணக்கில் மாதச் சம்பளம் என்று பலர் நினைக்கிறார்கள். அது அனுபவம் வந்த பிறகு சிலருக்குக் கிடைப்பது. ஆரம்பச் சம்பளம் அப்படி இல்லை.

பெரிய ஐ.டி. சர்வீஸ் நிறுவனங்கள் கூட்டம் கூட்டமாக ஆள் எடுக்கும்போது, பொறியியல் பட்டதாரிக்குத் தரும் தொகை வருஷத்துக்கு மூன்றரை லட்சத்தை ஒட்டித்தான் இருக்கிறது. பத்து, பதினைந்து வருஷத்துக்கு முன்பும் மூன்று லட்சத்துக்கு மேல்தான் தந்தார்கள். இடையில் அரிசி விலை ஏறியது, சென்னை வாடகை ஏறியது, காலேஜ் பீஸ் ஏறியது. ஃப்ரெஷர் சம்பளம் மட்டும் கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே நிற்கிறது.

மூன்று வருஷப் படிப்புக்கு இன்னும் குறைவு. 2024 ஆகஸ்ட்டில் காக்னிசென்ட் நிறுவனம் வருஷத்துக்கு 2.52 லட்சம் ரூபாய் என்று ஒரு வேலை அறிவிப்பு வெளியிட்டது. "இவ்வளவுதானா?" என்று சமூக வலைதளங்களில் பெரிய சத்தம் எழுந்தது. அது பொறியியல் அல்லாத மூன்று வருஷ டிகிரிக்காரர்களுக்கான தொகை என்றும், பொறியியல் படித்தவர்களுக்கு 4 லட்சம் முதல் 12 லட்சம் வரை தருவதாகவும் நிறுவனம் விளக்கம் சொன்னது. பி.சி.ஏ. சேரப் போகும் ஒரு வீட்டுக்கு அந்த விளக்கம்தான் உண்மையான தகவல்.

கையில் ஆஃபர் லெட்டர் இருந்தாலும் நிச்சயம் என்று சொல்ல முடியாது. 2023 பிப்ரவரியில் விப்ரோ, 6.5 லட்சம் என்று சொல்லி எடுத்தவர்களிடம் 3.5 லட்சத்துக்கு வர முடியுமா என்று கேட்டது. இன்ஃபோசிஸில் 2022ல் ஆஃபர் வாங்கிய ஒரு பகுதியினர் இரண்டு வருஷம் வரை காத்திருக்க வேண்டி வந்தது. 2025 பிப்ரவரியில் அதே நிறுவனத்தின் மைசூரு வளாகத்தில் உள் தேர்வில் தேறாத 300க்கும் மேற்பட்ட பயிற்சியாளர்கள் வெளியேற்றப்பட்டார்கள். 2025 ஜூலையில் டி.சி.எஸ். தன் ஊழியர்களில் சுமார் 2 சதவீதத்தை, அதாவது 12,000 பேருக்கு மேல் குறைக்கப்போவதாக அறிவித்தது.

இதையெல்லாம் சொல்வது பயமுறுத்த இல்லை. "எப்படியும் ஐந்து லட்சத்துக்குக் குறையாது" என்று சீட்டுக்காக வீட்டு வாசலில் வந்து நிற்கும் ஏஜென்ட் சொல்லும் கணக்கை அப்படியே நம்பிக் கடன் அளவை முடிவு செய்யக் கூடாது என்பதற்காகத்தான்.

சி.டி.சி. வேறு, கைக்கு வருவது வேறு

ஆஃபர் லெட்டரில் எழுதியிருக்கும் வருஷத் தொகைக்கு 'சி.டி.சி.' என்று பெயர். உங்களுக்காக நிறுவனம் செய்யும் மொத்தச் செலவு அது. நிறுவனம் கட்டும் பி.எஃப்., கிராஜுவிட்டி, இன்சூரன்ஸ் எல்லாம் அதற்குள்ளேயே அடக்கம். பிறகு உங்கள் பங்கு பி.எஃப்.பும் பிடிப்பார்கள்.

தோராயமாகப் பார்த்தால்:

• 3.5 லட்சம் சி.டி.சி. – மாதம் 29,000 என்று தெரியும். கைக்கு வருவது 24,000 அளவில் இருக்கும்.
• 2.52 லட்சம் சி.டி.சி. – மாதம் 21,000 என்று தெரியும். கைக்கு வருவது 17,500 அளவில் இருக்கும்.

இதில் சென்னையில் தங்க வேண்டும். ஷேரிங் ரூமும் சாப்பாடும் சேர்த்து 10,000, பஸ், ரயில், போன், சில்லறைச் செலவுக்கு 3,000 என்று சிக்கனமாக வைத்தாலும் 13,000 போய்விடும். பி.டெக். முடித்தவரிடம் மிஞ்சுவது 11,000. பி.சி.ஏ. முடித்தவரிடம் 4,500.

கடன் தவணையோ, வீட்டுக்கு அனுப்புவதோ, எல்லாம் இந்த மிச்சத்திலிருந்துதான். இந்த இரண்டு எண்களை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

ஒரே படிப்பு, நாலு விலை

கடைக்குக் கடை சேலை விலை மாறுவது ஆரணிக்காரர்களுக்குப் புதிதில்லை. காலேஜ் சீட்டும் அப்படித்தான். படிப்பின் பெயர் ஒன்றாக இருக்கும், எந்த வாசல் வழியாக உள்ளே போகிறீர்கள் என்பதைப் பொறுத்து விலை மாறும்.

*முதல் வாசல்: 7.5 சதவீத இடஒதுக்கீடு.* அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்களுக்கு 2021 முதல் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் இந்த இடஒதுக்கீடு இருக்கிறது. கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் போன்றவற்றை அரசே ஏற்கிறது. கடனே தேவைப்படாத வாசல் இது.

*இரண்டாவது வாசல்: அரசு கலைக் கல்லூரி.* கட்டணம் வருஷத்துக்குச் சில ஆயிரம் ரூபாயோடு முடிந்துவிடும். வீட்டிலிருந்தே போய் வரலாம். கடன் தேவையில்லை.

*மூன்றாவது வாசல்: கவுன்சலிங் வழியாகத் தனியார் பொறியியல் கல்லூரி.* 2017ல் தமிழ்நாட்டின் கட்டண நிர்ணயக் குழு, அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கு வருஷம் 50,000 ரூபாய், தர அங்கீகாரம் பெற்ற படிப்புக்கு 55,000 ரூபாய் என்று நிர்ணயித்தது. வீட்டில் முதல் பட்டதாரியாக இருந்தால், கவுன்சலிங்கில் சேரும்போது கல்விக் கட்டணத்தில் சலுகையும் உண்டு.

*நான்காவது வாசல்: மேனேஜ்மென்ட் கோட்டா.* அதே குழு இதற்கு நிர்ணயித்தது 85,000 மற்றும் 87,000 ரூபாய். இங்கே முதல் பட்டதாரி சலுகை இல்லை. இதற்கு மேல் ஹாஸ்டல், பஸ், லேப், டிரெய்னிங் என்று தனித்தனியாகச் சேரும்.

மூன்றாவது, நான்காவது வாசல் வழியாகப் போகிறவர்கள் பல இடங்களில் ஒரே கிளாஸில்தான் உட்காருகிறார்கள். ஒரே சர்டிபிகேட்தான் வாங்குகிறார்கள். வேலைக்கு ஆள் எடுக்க வரும் நிறுவனமும், "நீ எந்தக் கோட்டாவில் சேர்ந்தாய்?" என்று கேட்டுச் சம்பளம் போடுவதில்லை. சம்பளம் ஒன்று, கடன் மட்டும் வேறு வேறு.

கடன் எப்படி வளர்கிறது?

வங்கிகள் பெரும்பாலும் இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டப்படிதான் கல்விக்கடன் தருகின்றன. அதன் முக்கிய அம்சங்கள் இவை.

• 4 லட்சம் ரூபாய் வரை நீங்கள் கைப்பணம் போட வேண்டியதில்லை, சொத்து அடமானமும் வேண்டாம்.
• 4 லட்சத்தைத் தாண்டினால் 5 சதவீதம் உங்கள் பங்கு.
• 7.5 லட்சம் வரையிலான கடனுக்கு மத்திய அரசின் கடன் உத்தரவாத நிதி உண்டு.
• அப்பாவோ அம்மாவோ இணைக் கடன்தாரராகக் கையெழுத்திட வேண்டும்.
• படிப்புக் காலம், அதற்குப் பின் ஒரு வருஷம் வரை தவணை கட்டத் தேவையில்லை. பிறகு 15 வருஷம் வரை அவகாசம்.

"படிக்கிறப்போ ஒண்ணும் கட்ட வேண்டாம்" என்று சொல்வார்கள். தவணை கட்ட வேண்டாம் என்பது உண்மை. ஆனால் வட்டி தூங்குவதில்லை. பணம் எடுத்த நாளிலிருந்து தனி வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். தவணை தொடங்கும்போது அது அசலோடு சேரும். அதன் பிறகு வட்டிக்கும் வட்டிதான்.

ஒரு உதாரணக் கணக்கு. மேனேஜ்மென்ட் கோட்டா சீட்டு, ஹாஸ்டலும் சேர்த்து வருஷம் 1.5 லட்சம், நாலு வருஷத்துக்கு 6 லட்சம் கடன், வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம்.

முதல் வருஷம் எடுத்த பணத்துக்கு ஐந்து வருஷ வட்டி 75,000. இரண்டாம் வருஷப் பணத்துக்கு 60,000. மூன்றாம் வருஷத்துக்கு 45,000. கடைசி வருஷத்துக்கு 30,000. ஆக மொத்தம் 2.1 லட்சம். முதல் தவணை கட்டும் நாளில் கடன் 8.1 லட்சமாக நிற்கும்.

இதை 10 வருஷத்தில் அடைக்க மாதம் சுமார் 10,700 ரூபாய். மொத்தமாகக் கட்டுவது 12.8 லட்சத்துக்கு மேல். "தவணை ஜாஸ்தியா இருக்கு, 15 வருஷம் போடுங்க" என்றால் மாதம் 8,700 ஆகக் குறையும். ஆனால் மொத்தம் 15.6 லட்சத்தைத் தாண்டிவிடும்.

மாசக் கடைசியில் என்ன மிஞ்சும்?

இப்போது முன்னால் பார்த்த 11,000 ரூபாயை எடுத்துக்கொள்ளுங்கள். பி.டெக். முடித்து, 3.5 லட்சம் சி.டி.சி.யில் சென்னையில் வேலை பார்க்கும் நான்கு பேர். சம்பளம் நாலு பேருக்கும் ஒன்றுதான். கடன் இருந்தால் 10 சதவீத வட்டி, 10 வருஷத் தவணை.

• 7.5 சதவீத இடஒதுக்கீட்டில் சேர்ந்தவர்: கடன் இல்லை. மிச்சம் 11,000 முழுசாக.
• கவுன்சலிங்கில் சேர்ந்து, வீட்டிலிருந்தே போய் வந்து, வட்டி மானியத்தோடு 2.4 லட்சம் கடன் வாங்கியவர்: தவணை சுமார் 3,170. மிச்சம் 7,830.
• அதே 2.4 லட்சம், ஆனால் வட்டி மானியம் வாங்கத் தவறியவர்: கடன் 3.24 லட்சமாகியிருக்கும். தவணை சுமார் 4,280. மிச்சம் 6,720.
• மேனேஜ்மென்ட் கோட்டாவில் 6 லட்சம் கடனோடு படித்தவர்: தவணை சுமார் 10,700. மிச்சம் 300.

அந்த நாலாவது ஆள் தீபாவளிக்கு ஊருக்கு வர பஸ் டிக்கெட் எடுத்தால் கணக்கு மைனஸில் போய்விடும். சம்பளம் ஏறும்போது நிலைமை மாறும், தவணை அப்படியேதான் இருக்கும் என்பதும் உண்மை. ஆனால் அந்த முதல் இரண்டு, மூன்று வருஷத்தைத் தாண்ட வேண்டுமே? அங்கேதான் பலர் தவணையைத் தவற விடுகிறார்கள்.

பி.சி.ஏ.வுக்கும் பார்த்துவிடலாம். தனியார் கல்லூரியில் வருஷம் 60,000 வீதம் 1.8 லட்சம் கடன். தவணை தொடங்கும்போது 2.34 லட்சம் ஆகியிருக்கும். 7 வருஷத்தில் அடைத்தால் மாதம் சுமார் 3,880. மிஞ்சிய 4,500ல் இது போனால் கையில் 600 ரூபாய். அரசு கலைக் கல்லூரியில் படித்தவருக்கு அந்த 4,500ம் மிச்சம். அதனால் மூன்று வருஷ டிகிரிக்குக் கடன் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது.

வட்டி மானியம்: கோட்டை விடக் கூடாத இடம்

மேலே இரண்டாவது ஆளுக்கும் மூன்றாவது ஆளுக்கும் ஒரே காலேஜ், ஒரே கடன். வித்தியாசம் ஒரு விண்ணப்பம்.

குடும்ப வருமானம் வருஷத்துக்கு 4.5 லட்சத்துக்குள் இருந்தால், தொழிற்கல்வி, தொழில்நுட்பப் படிப்புகளுக்கு வாங்கிய கடனின் படிப்புக் கால வட்டியை மத்திய அரசே கட்டும் திட்டம் 2009 முதல் இருக்கிறது. பெரும்பாலான நெசவாளர் குடும்பங்கள் இந்த வருமான வரம்புக்குள்தான் வரும்.

கவனிக்க வேண்டியவை:

• தாசில்தார் தரும் வருமானச் சான்று வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம்.
• கல்லூரிக்கு 'நாக்' அங்கீகாரம் அல்லது அந்தப் படிப்புக்கு என்.பி.ஏ. அங்கீகாரம் இருக்க வேண்டும். சேரும் முன்பே கேளுங்கள்.
• பி.சி.ஏ. 2024-25 முதல்தான் ஏ.ஐ.சி.டி.இ.யின் கீழ் வந்தது. கல்லூரி அந்த அனுமதி வாங்கியிருக்கிறதா என்று பாருங்கள். பி.எஸ்சி. என்றால் மானியம் உண்டா என்று வங்கியிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.
• பாதியில் படிப்பை விட்டால் மானியம் போய்விடும்.
• மேனேஜ்மென்ட் கோட்டா சீட்டுக்கு இந்த மானியத்தை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில், தேர்ந்தெடுக்கப்பட்ட 860 உயர்தரக் கல்வி நிறுவனங்களில் சேருகிறவர்களுக்கு, குடும்ப வருமானம் 8 லட்சம் வரை இருந்தாலும் 10 லட்சம் வரையிலான கடனுக்கு 3 சதவீத வட்டிச் சலுகை உண்டு. உங்கள் கல்லூரி அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

மானியம் கிடைக்காதவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. படிக்கும்போதே மாத வட்டியை மட்டும் கட்டி வருவது. மேலே சொன்ன 6 லட்சம் கடனில் முதல் வருஷம் மாதம் 1,250, இரண்டாம் வருஷம் 2,500, மூன்றாம் வருஷம் 3,750, பிறகு 5,000. இப்படிக் கட்டினால் அசல் 6 லட்சத்திலேயே நிற்கும். ஒழுங்காகக் கட்டுகிறவர்களுக்கு வட்டியில் 1 சதவீதம் வரை குறைக்கவும் மாதிரித் திட்டத்தில் இடம் உண்டு. முழுசாக முடியாவிட்டாலும், முடிந்ததைக் கட்டுவது வீண் போகாது. அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் 2022 முதலும், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் 2024 முதலும் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. அந்தப் பணத்தை அப்படியே வட்டிக்குத் திருப்பிவிடும் வீடுகளுக்கு நாலு வருஷம் கழித்து அதன் அருமை தெரியும்.

வேலை கிடைக்கலைன்னா?

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் மனித மேம்பாட்டு நிறுவனமும் சேர்ந்து வெளியிட்ட 2024ஆம் ஆண்டின் இந்திய வேலைவாய்ப்பு அறிக்கைப்படி, 2022ல் இளம் பட்டதாரிகளிடையே வேலையின்மை 29.1 சதவீதம். எழுதப் படிக்கத் தெரியாத இளைஞர்களிடையே அது 3.4 சதவீதம்தான். டிகிரி வாங்கியதும் வேலை தானாக வராது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

இன்னொரு ஆபத்து அரியர். படிப்பு முடிக்காமல் நின்றவருக்கு டிகிரியும் இல்லை, மானியமும் இல்லை. கடன் மட்டும் இருக்கும். ஐ.டி. சம்பளம் வரும் என்று எடுத்த கடனை வேறு வேலைச் சம்பளத்தில் கட்ட வேண்டியதாகிவிடும். கணக்குப் பாடத்தில் ஆர்வமே இல்லாத பிள்ளையை "பக்கத்து வீட்டுப் பையன் சேர்ந்துட்டான்" என்று கம்ப்யூட்டரில் தள்ளும் முன் இதை யோசிக்க வேண்டும்.

தவணை கட்ட முடியாத நிலை வந்தால் வங்கிக்குப் போகாமல் ஒளிவதுதான் பெரிய தப்பு. வேலை இல்லாத காலத்துக்குத் தவணையைத் தள்ளிவைக்க மாதிரித் திட்டத்திலேயே இடம் இருக்கிறது. எழுத்து மூலமாகக் கேளுங்கள். 90 நாள் கட்டாமல் விட்டால் அது வாராக்கடன் பட்டியலுக்குப் போகும். "எலெக்ஷன் வந்தா தள்ளுபடி பண்ணிடுவாங்க" என்று காத்திருப்பதும் ஆபத்து. தள்ளுபடி வராவிட்டால் அந்த வட்டியும் உங்கள் தலையில்தான்.

அப்பா போடும் கையெழுத்து

தறி வைத்திருக்கும் குடும்பத்துக்கு முன்பணம் என்றால் என்ன என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. முதலாளியிடம் வாங்கிய முன்பணம் தீரும்வரை வேறு இடத்துக்குப் பாவு மாற்றிக்கொள்ள முடியாமல் இருப்பவர்கள் இன்றும் உண்டு. கல்விக்கடனில் அப்படி ஒரே இடத்தில் கட்டுப்பட வேண்டியதில்லை என்றாலும், கையெழுத்தின் பலம் குறைவில்லை.

இணைக் கடன்தாரர் என்றால் சிபாரிசு செய்தவர் என்று அர்த்தம் இல்லை. அவரும் கடன்காரர்தான். பிள்ளை தவணை தவறினால் அப்பாவின் சிபில் ஸ்கோரும் சேர்ந்து இறங்கும். நாளைக்குத் தறி மாற்ற நெசவாளர் முத்ரா கடன் கேட்டாலோ, நகைக்கடனைத் தாண்டி வேறு கடன் கேட்டாலோ, இது குறுக்கே வந்து நிற்கும். வருமானம் வரும் ஒரே தொழிலின் கடன் வழியையும் சேர்த்துத்தான் இந்தக் கையெழுத்தில் பணயம் வைக்கிறார்கள். அதனால் கடன் எவ்வளவு, தவணை எப்போது தொடங்கும் என்பது அப்பா, அம்மா இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

கணக்கில் வராத ஒரு செலவு

நாலு வருஷம் படிக்கிறவர் அந்த நாலு வருஷமும் சம்பாதிப்பதில்லை. கூடப் படித்தவர் செய்யாறு சிப்காட்டுக்கோ, ஸ்ரீபெரும்புதூருக்கோ கம்பெனி பஸ் ஏறி மாதச் சம்பளம் வாங்க ஆரம்பித்திருப்பார். தறி வீட்டில் பாவு பிணைக்க, நூல் சுற்ற ஒரு கை குறைந்திருக்கும். இதுவும் படிப்பின் விலைதான். ஆனால் பத்து, இருபது வருஷக் கணக்கில் பார்த்தால், நல்லபடியாக முடித்த டிகிரி இந்த இழப்பை ஈடுகட்ட வாய்ப்பு அதிகம். நல்லபடியாக முடிப்பது என்பதுதான் நிபந்தனை.

கடன் இல்லாத வேறு வழிகள் இருக்கிறதா?

இருக்கிறது. ஆனால் எல்லோருக்கும் இடம் கிடைக்காது.

ஸோஹோ நிறுவனம் 2004-05 காலத்தில் தொடங்கிய பள்ளி, இப்போது 'ஸோஹோ ஸ்கூல்ஸ் ஆஃப் லேர்னிங்' என்று நடக்கிறது. பிளஸ் டூ, டிப்ளமோ முடித்தவர்களைத் தேர்வு வைத்து எடுக்கிறார்கள். கட்டணம் இல்லை, மாத உதவித்தொகையும் தருகிறார்கள். ஹெச்.சி.எல். நிறுவனத்தின் 'டெக்பீ' திட்டத்தில் பிளஸ் டூ முடித்தவர்கள் பயிற்சிக்குப் பின் வேலை பார்த்துக்கொண்டே டிகிரி படிக்கலாம். விப்ரோ, பி.சி.ஏ., பி.எஸ்சி. முடித்தவர்களை வேலைக்கு எடுத்து எம்.டெக். படிக்க வைக்கிறது. அரசு கலைக் கல்லூரியில் கடன் இல்லாமல் பி.சி.ஏ. முடித்து இந்த வழியில் போனால், பெரிய கடன் வாங்கிப் பொறியியல் படித்தவரைவிட ஐந்தாவது வருஷத்தில் நல்ல நிலையில் இருக்க முடியும். இந்தத் திட்டங்களில் எத்தனை வருஷம் வேலை பார்க்க வேண்டும், இடையில் விட்டால் என்ன கட்ட வேண்டும் என்ற ஒப்பந்தத்தை மட்டும் முழுசாகப் படித்துவிட வேண்டும்.

சரி, எவ்வளவு கடன் வாங்கலாம்?

உலகம் முழுக்கக் கல்வி ஆலோசகர்கள் சொல்லும் எளிய அளவு ஒன்று இருக்கிறது: *படிப்புக்கு வாங்கும் மொத்தக் கடன், எதிர்பார்க்கும் முதல் வருஷச் சம்பளத்தைத் தாண்டக் கூடாது.* நம்ம ஊர் நிலவரத்துக்கு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளலாம்: மாதத் தவணை, கைக்கு வரும் சம்பளத்தில் நாலில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும்.

இந்த அளவுகோலில் வைத்துப் பார்த்தால், பொறியியலுக்கு மூன்றரை லட்சத்தைத் தாண்டும்போதே நிதானம் வேண்டும். தவணை 6,000 ரூபாய்க்குள் நிற்க வேண்டும். 2.4 லட்சம் கடன் தாங்கும். 6 லட்சம் கடன் தாங்காது. மூன்று வருஷப் படிப்புக்கு 1.8 லட்சம் கடன் இந்த அளவுக்குள் வந்தாலும், சென்னையில் தங்கிச் சமாளிப்பது கஷ்டம் என்பதை மேலே பார்த்தோம்.

கையெழுத்துப் போடும் முன் 6 கேள்விகள்

1. கவுன்சலிங், 7.5 சதவீதம், முதல் பட்டதாரி சலுகை எல்லாவற்றையும் முயன்று பார்த்துவிட்டோமா?
2. போன வருஷம் இந்தப் பிரிவில் படித்த எத்தனை பேரில் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது? அதிகபட்சச் சம்பளத்தை விளம்பரத்தில் போடுவார்கள். நடுவில் இருப்பவருக்கு எவ்வளவு என்று கேளுங்கள்.
3. அரியர் இல்லாமல் முடிக்கிறவர்கள் எத்தனை பேர்? சீனியர்களிடம் கேட்டால் உண்மை வரும்.
4. கல்லூரிக்கு நாக், படிப்புக்கு என்.பி.ஏ. இருக்கிறதா? வட்டி மானியம் கிடைக்குமா?
5. ஹாஸ்டல் கட்டாயமா, வீட்டிலிருந்து போக முடியுமா? கடனைப் பெரிதாக்குவது பல நேரம் பீஸ் இல்லை, ஹாஸ்டல்தான்.
6. தவணை தொடங்கும் நாளில் மொத்தக் கடன் எவ்வளவு நிற்கும்? வங்கி மேலாளரிடம் இந்த ஒரு எண்ணை எழுதி வாங்குங்கள்.

புதுப் பாவு ஏற்றும் முன் பட்டு என்ன விலை, ஜரிகை என்ன விலை, கூலி எவ்வளவு, எத்தனை நாள் பிடிக்கும் என்று கணக்குப் போடாத நெசவாளர் இல்லை. சேலை என்ன விலைக்குப் போகும் என்பது அவர் கையில் இருப்பதில்லை. செலவை எங்கே நிறுத்துவது என்பதுதான் அவர் கையில் இருக்கிறது.

பிள்ளையின் படிப்பிலும் அதேதான். நாலு வருஷம் கழித்து ஐ.டி. கம்பெனிகள் என்ன சம்பளம் தரும் என்று இன்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. எவ்வளவு கடனோடு பிள்ளை அந்த வாசலில் போய் நிற்க வேண்டும் என்பதை இப்போதே, இந்த ஜூன் மாதத்திலேயே வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்யலாம்.